தணிக்கையைத் தாண்டி வந்த குரல்கள்

1914 செப்டம்பர் கடைசியில் மார்செய் துறைமுகத்தில் வந்திறங்கிய இந்தியச் சிப்பாய்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் பிரான்ஸின் பதுங்குகுழிகளிலிருந்தும் இங்கிலாந்தின் பிரைட்டன் மருத்துவமனைகளிலிருந்தும் ஊருக்குக் கடிதம் போய்க்கொண்டே இருந்தது. ஒருவர் சொல்லச் சொல்ல, எழுத்தறிந்த இன்னொருவர் எழுதினார். ஈவ்லின் ஹாவெல் தலைமையிலான தணிக்கை அலுவலகம் அவற்றைப் பிரித்துப் படித்து, சில பகுதிகளை மட்டும் ஆங்கிலத்தில் பெயர்த்துத் தன் அறிக்கைகளோடு இணைத்தது. மூலக் கடிதங்கள் பெரும்பாலும் அழிந்துபோயின. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் எஞ்சியிருப்பவை அந்த மொழிபெயர்ப்புகளே. சொன்னவர், எழுதியவர், பெயர்த்தவர் என மூன்று கை மாறிய ஒன்றைச் சிப்பாயின் சொந்தச் சாட்சியம் என்று எப்படி நம்புவது? கேள்வி நியாயமானது. ஆனாலும் முதல் உலகப் போரை அறிய இவற்றைவிட நெருக்கமான இந்தியச் சாட்சியம் நமக்கு அதிகம் இல்லை. இவற்றை நம்பலாம் என்றே நான் வாதிடுவேன்.

கடிதம் பிரிக்கப்படும் என்பது சிப்பாய்களுக்குத் தெரியும். அதனால்தான் இந்தியரைக் கறுப்பு மிளகு என்றும் வெள்ளையரைச் சிவப்பு மிளகாய் என்றும் குறித்து, மிளகு தீர்ந்துபோனதாக ஊருக்குச் சேதி சொன்னார்கள். தணிக்கையாளருக்கும் இந்தக் குழூஉக்குறி புரிந்துவிட்டது என்பது வேறு விஷயம். மறைத்தாவது சொல்லியாக வேண்டிய அளவுக்கு உயிரிழப்பு இருந்தது என்பதற்கு அந்த மறைப்பே சான்று. 1915 மார்ச்சில் பிரான்ஸின் நவ் ஷப்பேலில் நடந்த தாக்குதலில் மட்டும் இந்தியப் படைப்பிரிவில் 4,000-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள், காயமுற்றார்கள் அல்லது காணாமல் போனார்கள். உதிரும் இலை, வறுபடும் தானியம், பாரதப் போர் என்று கடிதங்களில் வரும் உவமைகளை எழுதிக்கொடுத்தவரின் வழக்கமான அலங்காரம் என்று தள்ளுவோர் உண்டு. உழவர் குடியில் பிறந்தவர் பீரங்கிச் சாவைக் களத்துமேட்டுச் சொல்லில் அல்லாமல் வேறெந்தச் சொல்லில் சொல்வார்?

இன்னொரு தடை கனமானது. படையின் மனநிலையை அறிய விரும்பிய தணிக்கையாளர் பொறுக்கி எடுத்தவையே நமக்குக் கிடைத்திருக்கின்றன. ஆகவே இத்தனை பேர் மனம் உடைந்தார்கள் என்று இவற்றை வைத்துக் கணக்குப் போட முடியாது; அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே முறையீடு வேறுவேறு சிப்பாய்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும்போது அதைக் கேட்டாக வேண்டும். காயம் ஆறியவர்களை மறுபடி போர்முனைக்கு அனுப்புவதைப் பற்றிய முறையீடு அப்படிப்பட்டது. தின்ற உப்புக்குப் போரிடக் கடமைப்பட்டவர்கள் என்பதை அவர்கள் மறுக்கவில்லை. ஒருமுறை ரத்தம் சிந்திய பிறகும் அந்தக் கடன் தீராதா என்றே கேட்டார்கள்.