பால்பேணியும் இடிமுழக்கமும்

ஐப்பசி மாத மாலையொன்றில், இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு நாம் ஓலைக்கொட்டிலில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது இடி முழங்கியது. மூன்றாம் ஆண்டுச் சிறுவன் ஒருவன் மேசைக்குக் கீழே புகுந்துகொண்டான். "இடிதானே ராசா, பயப்படாதை" என்றோம். பயன் இல்லை. சத்தம் என்றால் என்னவென்று அவன் தொட்டே அறியட்டும் என எண்ணினோம்.

மறுநாள் வெற்றுப் பால்மாப் பேணியின் வாயில் பொலித்தீனை இறுக்கிக் கட்டி, சில அரிசிமணிகளைத் தூவினோம். பக்கத்தில் சட்டிமூடியை ஓங்கித் தட்ட, யாரும் தொடாமலே அரிசி துள்ளியது. காதினுள்ளே செவிப்பறையும் இப்படித்தான் அதிர்கிறது. கோயில் மணியின் விளிம்பில் விரல் வைத்தபோது அதிர்வு கையில் ஏறியது. இறுகப் பிடித்ததும் நாதம் நின்றது.

போத்தல்களால் வந்தது வாக்குவாதம். நீர் கூடிய போத்தலைக் கரண்டியால் தட்டினால் ஒலி தாழ்கிறது. அதே போத்தலின் வாயில் ஊதினால் உயர்கிறது. சிறுமி ஒருத்தி "பொய்" என்றே சொல்லிவிட்டாள். தட்டும்போது அதிர்வது கண்ணாடியும் நீரும், ஊதும்போது அதிர்வது மேலே எஞ்சிய காற்று. இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க ஒரு மணிநேரம் சென்றது. நாம் சொல்லியிருந்தால் இரண்டு நிமிடம், மறுநாள் மறந்திருப்பார்கள்.

பின்னர் வயல்வரம்புக்குப் போனோம். தூரத்தே ஒருவர் விறகு கொத்தினார். கோடரி விழுவது முதலில் தெரிந்தது, சத்தம் பிந்தி வந்தது. ஒலி காற்றில் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றரே செல்லும். ஒளியோ கண்ணிமைக்குமுன் வந்துவிடும். 1990களில் பதுங்குகுழிக்குள் இருந்து வெளிச்சத்துக்கும் வெடிக்கும் இடையே எண்ணியவர்கள் நாம். பிள்ளைகள் அதை மின்னலில் கற்கட்டும். மின்னியதும் எண்ணி, முழங்கும்வரை சென்ற செக்கன்களை மூன்றால் வகுத்தால் கிலோமீற்றர் வரும்.

அடுத்த இடிக்கு மேசைக்குக் கீழிருந்தே அந்தச் சிறுவன் எண்ணினான்: "பன்னிரண்டு... நாலு கிலோமீற்றர், சுவாமி!"

பெற்றோரே, இது விளையாட்டு மட்டுமன்று. பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் எமது நாட்டில் இடிமின்னல் அதிகம். வெளிவயலில் நிற்பவரே முதலில் ஆபத்துக்குள்ளாவார். எண்ணிக்கை 30ஐ எட்டுமுன் முழங்கினால் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கரையேறுங்கள். மரத்தடியும் தரப்பாள் கொட்டிலும் காப்பாகா. எமது ஓலைக்கொட்டிலும் அப்படியே. ஆகையால் இப்போது மழை இருண்டதும் வகுப்பைக் கோயில் கட்டடத்துக்கு மாற்றிவிடுகிறோம். கடைசி முழக்கத்தின் பின் 30 நிமிடம் பொறுத்தே வெளியே போகவேண்டும்.

பேணிகளை எறிந்துவிடாதீர்கள். இரண்டின் அடியில் துளையிட்டு நூல் கோர்த்தால் தொலைபேசியாகும். நூல் தொய்யாமல் இருக்கவேண்டும். வெட்டிய விளிம்பை மட்டும் கல்லில் தேய்த்து மழுக்கிக் கொடுத்துவிடுங்கள்.