தோலில் ஒட்டும் நாடிக் கருவி... தெரியுமா?

கொரோனா நாட்களில் விரலில் மாட்டி ரத்த ஆக்சிஜனைப் பார்த்தோமே, பல்ஸ் ஆக்ஸிமீட்டர்! அதன் அடிப்படையைக் கண்டுபிடித்து 1974-ல் வெளியிட்டவர் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி. உலகமே அந்தக் கருவியைத் தேடி அலைந்த 2020 ஏப்ரலில்தான் அவர் மறைந்தார் என்பது தெரியுமா?

அந்தக் கருவி எவ்வளவு மெல்லியதாகிவிட்டது தெரியுமா? வெறும் 3 மைக்ரோமீட்டர்! 2016-ல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் தகாவோ சோமேயா குழு செய்து காட்டியது. சிவப்பு, பச்சை விளக்குகள், ஒளி உணரி எல்லாமே அந்த 3 மைக்ரோமீட்டருக்குள் அடக்கம்! ஒரு தலைமுடியின் பருமனில் இப்படி இருபதுக்கும் மேற்பட்ட படலங்களை அடுக்கிவிடலாம்! போதாக்குறைக்கு, கைத்தோலிலேயே எண்கள் ஒளிரும் திரையையும் ஒட்டிக் காட்டினார்கள்!

எப்படி இப்படி வளைகிறது? உள்ளே இருப்பது சிலிக்கான் அல்ல, கார்பன் சேர்மங்கள். அவற்றை மையாகக் கரைத்து, பிளாஸ்டிக் தாளில் அச்சடித்தே உணரி செய்யலாம்!

கார்பன் சேர்மமான பிளாஸ்டிக்கில் மின்சாரம் பாயுமா? பாயும்! இதற்கு வழி திறந்தது ஒரு தவறு! ஜப்பானிய வேதியியலாளர் ஹிடேகி ஷிரகாவாவின் ஆய்வகத்தில் வினையூக்கியைத் தவறுதலாக 1000 மடங்கு கூடுதலாகச் சேர்த்துவிட்டார்கள். கிடைத்ததோ வெள்ளியாகப் பளபளக்கும் பாலிஅசிட்டிலீன் என்ற பிளாஸ்டிக் படலம்! பிறகு ஆலன் ஹீகர், ஆலன் மெக்டியார்மிட் ஆகியோருடன் சேர்ந்து அதில் அயோடின் ஏற்றினார்கள். மின்கடத்தும் திறன் ஒரு கோடி மடங்கு எகிறியது! மூவருக்கும் 2000-ல் வேதியியல் நோபல் பரிசு!

விரலில்தான் மாட்ட வேண்டுமா? வேண்டாமே! கலிபோர்னியாவின் பெர்க்லி ஆய்வாளர்கள் 2018-ல் நெற்றியிலேயே வைத்து ஆக்சிஜனை அளந்தார்கள். 8 விளக்குகள், 8 உணரிகள், எல்லாம் அச்சடித்தவை!

தொடாமலே நாடி பார்க்க முடியுமா? 2023-ல் நெதர்லாந்தின் ஐந்தோவன் ஆய்வாளர்கள் 130 சென்டிமீட்டர் தள்ளி வைத்த ஒளி உணரியால் இதயத்துடிப்பைப் பிடித்தார்கள்! அதில் கார்பன் சேர்மத்தோடு பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் பொருளும் கூட்டு. எனக்கு இன்றுவரை வியப்பு அடங்காத சேதி இதுதான்!

இந்தப் படலங்களுக்கு எதிரி யார் தெரியுமா? நாம் சுவாசிக்கும் காற்றும் அதிலுள்ள ஈரமும்தான்! பாதுகாப்புப் பூச்சு இல்லாவிட்டால் சில மணி நேரத்திலேயே மங்கிவிடும். டோக்கியோ குழு விசேஷப் பூச்சு கொடுத்து அந்த ஆயுளைச் சில நாட்களாக நீட்டியதே பெரும் சாதனை!

இன்னொன்று தெரியுமா? தோலின் நிறமும் ஒளியை விழுங்கும்! ஆக்ஸிமீட்டர் கவனிக்கத் தவறிய ஆக்சிஜன் குறைவு, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய 3 மடங்கு அதிகம் என்று 2020-ல் வெளியான அமெரிக்க ஆய்வு சொன்னது. அதனால் புதிய ஒளிப்படலங்களை எல்லா நிறத் தோலிலும் சோதித்த பிறகே கடைக்குக் கொண்டுவர வேண்டும். மாநிறமும் கறுப்புமான நாம் இதை உரக்கக் கேட்கலாம்!