எங்கே குடியிருப்பது? வடபழனிக் குடும்பங்களின் கேள்வி

வடபழனியில் வாடகை வீட்டில் வாழும் குடும்பங்கள் பலவற்றில் இரவு உணவுக்குப் பின் பேசப்படும் பொருள் ஒன்றே. இங்கேயே இருந்துவிடுவதா, அல்லது பூந்தமல்லி, மாங்காடு, கூடுவாஞ்சேரி எனப் புறநகருக்குச் சென்று சொந்தமாய் ஒரு கூரையைத் தேடிக்கொள்வதா? கணவருக்கு ஒரு கருத்து, மனைவிக்கு ஒரு கருத்து. பெரியவர்களை யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் அவர்கள் "உங்கள் விருப்பம்" என்று சொல்லி ஜெபமாலையை எடுத்துக்கொள்கின்றனர்.

இக்கேள்வி ஏதோ ஒரு குடும்பத்தின் தனித்துயரன்று. கணக்கைப் பார்ப்போம். 2001-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சென்னை மாவட்டத்தில் ஏறத்தாழ 43 இலட்சம் பேர் இருந்தனர். 2011-இல் அது 46 இலட்சத்தைச் சற்றே தாண்டியது. அதே பத்தாண்டுகளில் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் 29 இலட்சத்திலிருந்து 40 இலட்சத்தை எட்டியது. திருவள்ளூர் மாவட்டம் 27 இலட்சத்திலிருந்து 37 இலட்சமாயிற்று. நகரின் நடுவில் இடமில்லை, இருக்கும் இடத்திற்கு விலை கொடுக்க இயலவில்லை. ஆகவே மக்கள் வெளியே பெருகுகின்றனர். 2011-இல் மாநகராட்சியின் எல்லையே 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. நம் திருச்சபையும் இதைக் கண்டுகொண்டது. சென்னை–மயிலை உயர்மறைமாவட்டத்தினின்று செங்கல்பட்டு மறைமாவட்டம் 2002-இல் பிரிக்கப்பட்டது.

வடபழனியோ குடியேறியவர்களாலேயே வளர்ந்த ஊர். 'வடக்கேயுள்ள பழனி' என முருகன் கோயிலால் பெயர் பெற்ற இச்சிற்றூருக்குப் புதுவாழ்வு தந்தவை திரைப்படக் கூடங்கள். 1948-இல் ஏ.வி.எம். நிறுவனம் இங்கே கூடம் அமைத்தது. விஜயா–வாகினிக் கூடங்களும் பெயர் பெற்று விளங்கின. தமிழ்ப் படங்கள் மட்டுமா? தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்திப் படங்களும் இப்பகுதியில் உருவாயின. அவற்றோடு தச்சர், ஓவியர், தையற்காரர், மின்பணியாளர், ஒப்பனைக் கலைஞர் எனப் பல மொழியினரும் வந்து குடியேறினர். ஒரே தெருவில் நான்கு மொழிகள் ஒலிப்பது இங்கே புதுமையன்று. ஆகவே, "இப்போதுதான் யார் யாரோ வந்து ஊர் கெட்டுவிட்டது" என்று அலுத்துக்கொள்ளும் அன்பர்கள் தம் தந்தையார் எந்த ஊரிலிருந்து எந்த ஆண்டில் வந்தார் என்பதை ஒரு கணம் எண்ணிப் பார்ப்பது நலம்.

பின்னர்த் தெலுங்குப் படத்தொழில் ஐதராபாத்துக்குச் சென்றது. வாகினி நிலத்தில் மருத்துவமனை எழுந்தது. 2013-இல் பேரங்காடி ஒன்றும் திறக்கப்பட்டது. தனி வீடுகளை இடித்து அடுக்குமாடிகள் எழுப்புகின்றனர். 2015 ஜூன் மாதம் கோயம்பேடு–ஆலந்தூர் இடையே மெட்ரோ இரயில் ஓடத் தொடங்கியபோது வடபழனியும் ஒரு நிலையமாயிற்று. வசதி வந்த இடத்தில் வாடகையும் உயர்வது இயல்பே. மற்றொரு மாற்றமும் நேர்ந்தது. நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கத்துக் குடும்பங்கள் பல, ஊருக்குப் போகும் பேருந்து கோயம்பேட்டில் கிடைக்கும் என்பதாலேயே வடபழனியை விரும்பின. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பின் அந்தக் காரணமும் வலுவிழந்துவிட்டது.

வீடு தேடி அலைந்தவர்கள் அறிவார்கள்: முதற்கேள்வி வாடகையைப் பற்றியதாய் இராது. "நீங்கள் எந்த ஆட்கள்? மீன், இறைச்சி சமைப்பீர்களா?" என்பதே அது. பெயரைச் சொன்னவுடன், "இப்போதுதான் வேறொருவருக்குப் பேசி முடித்தோம்" என்னும் பதிலோடு திரும்பிய நம் குடும்பங்கள் எத்தனையோ! இதனால் மனம் புண்படுகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் நம்மவருள் வீட்டு உரிமையாளராய் உள்ளோரும் "கிறிஸ்தவர்களுக்கு மட்டும்" என்று தரகரிடம் சொல்லி வைப்பதில்லையா? சாதியை நாசூக்காய் விசாரிப்பதில்லையா? வடமாநிலத்து இளைஞர் வந்து கேட்டால் வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்புவதில்லையா? நமக்கு நேரும்போது அநீதியாய்த் தோன்றுவது, நாம் செய்யும்போது முன்னெச்சரிக்கையாகிவிடுகிறது.

வாடகைக்கே இருப்பதென முடிவு செய்தால், ஒப்பந்தத்தை எழுத்தில் பெறுவது கட்டாயம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் இதை வற்புறுத்துகிறது. வேறுவிதமாய் உடன்படிக்கை செய்துகொண்டாலன்றி மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறலாகாது என்றும் அது கூறுகிறது. பத்து மாத முன்பணம் கேட்கும் பழக்கமுள்ள நம் நகரில் இதை அறிந்து வைத்திருப்பது பேச்சுக்கு உதவும்.

வாங்குவதானால் செய்தி நீளும். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் அனுமதி ஆகிய நான்கையும் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டாமல் முன்பணம் தருதல் தகாது. அடுக்குமாடியில் நமக்கு உரியது சுவர்களுக்குள் அடங்கிய இடம் மட்டுமன்று. நிலத்தில் பிரிக்கப்படாத பங்கும் உண்டு. அப்பங்கு எவ்வளவு எனப் பத்திரத்தில் பார்க்க வேண்டும். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் கட்டடம் பழுதாகும்போது பிள்ளைகளுக்கு மிஞ்சுவது அதுவே.

இவை அனைத்தினும் முதன்மையானது தண்ணீர். 2015 டிசம்பரில் அடையாற்றுப் பெருக்கால் ஜாபர்கான்பேட்டையும் முடிச்சூரும் பட்ட பாடு மறக்கக்கூடியதன்று. 2019 கோடையிலோ நகருக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு, குடங்களோடு லாரிக்குக் காத்திருந்தோம். வெள்ளமும் வறட்சியும் ஒரே மனைக்கு வரலாம். ஆகவே மனையைக் கோடையில் ஒருமுறையும் ஐப்பசி மழையில் ஒருமுறையும் பார்க்க வேண்டும். தரகர் உண்மை சொல்லார். தெருமுனை மளிகைக் கடைக்காரரிடம், "2015-இல் தண்ணீர் எதுவரை வந்தது?" என்று கேளுங்கள், கடைச் சுவரில் கைவைத்தே காட்டுவார்.

பெரியவர்களைப் பற்றி ஒன்று. நடந்து சென்று திருப்பலி கண்டு, வழியில் நான்கு பேரிடம் பேசித் திரும்பும் தாய், புறநகரின் நான்காம் மாடியில் யாரையும் அறியாமல் சன்னலோரம் அமர்ந்துவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். மகன் அலுவலகத்திலிருந்து வீடு சேர இரவு ஒன்பது மணி. சொந்த வீடுதான், குறை சொல்லவும் அவருக்கு மனம் வராது. இதற்கு மாறாக, புதிய பங்கில் அன்பியக் கூட்டத்திற்குத் தம் வீட்டையே முதலில் திறந்துவிட்டு, ஆறே மாதத்தில் தெருவையெல்லாம் உறவாக்கிக்கொண்ட மூதாட்டியரும் உண்டு. எவர் எப்படி என்பது அவரவர் பிள்ளைகளுக்குத் தெரியும். முன்பணம் கொடுக்கும் முன் ஒரு ஞாயிறன்று அம்மாவையும் அப்பாவையும் அழைத்துச் சென்று, அங்குள்ள கோயிலில் திருப்பலி கண்டு, கடைத்தெரு வரை நடக்க வையுங்கள். திரும்பும் பேருந்தில் அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.