தங்கவயல் தமிழர் பூர்வீகம் தேடும் வழி

கோலார் தங்கவயல் தமிழரிடம் "சொந்த ஊர் எது?" என்று கேட்டால் "வடாற்காடு பக்கம்" என்று பதில் வரும். அந்தப் பக்கத்தில் எந்த ஊர் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்க வேலையைக் கையில் எடுத்த பிறகு வடாற்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்களின் வாரிசுகள் நாம். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடியதும் பிழைப்புக்காக மறுபடியும் சிதறினோம். இனி நம் பிள்ளைகளிடம் யாராவது கேட்டால் "வடாற்காடு" என்ற சொல்கூட வராது.

நான் வளர்ந்தது தங்கவயலுக்குத் தண்ணீர் கொடுத்த பேத்தமங்களாவில். தாத்தா அங்கே நீரேற்று நிலையத்தில் வேலை பார்த்தார். அவருடைய அப்பா சுரங்கத்தில் கூலி. அந்த ஊரின் பழைய பெயர் விஜயாதித்தமங்கலம். பாண மன்னன் விஜயாதித்தன் பெயரால் ஏற்பட்டது. 1905-இல் பி.எல். ரைஸ் வெளியிட்ட 'எபிகிராபியா கர்நாடிகா' பத்தாம் தொகுதியில் கோலார் ஜில்லாக் கல்வெட்டுகள், தமிழ்க் கல்வெட்டுகள் உட்பட, அச்சாகியிருக்கின்றன. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஏரியைச் செப்பனிட்ட நுளம்ப அரசன் பெயர் தெரிகிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் வந்த என் கொள்ளுத்தாத்தா எங்கிருந்து வந்தார் என்பதுதான் தெரியவில்லை.

பலரும் முதலில் நினைப்பது மக்கள்தொகைக் கணக்கை. அதில் தேடுவது வீண். நம் நாட்டில் கணக்கெடுப்பின் மொத்த எண்ணிக்கைதான் அச்சாகும். தனி ஆள் விவரம் பொதுமக்கள் பார்வைக்கு வராது. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் பழைய மதராஸ் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகள் பெரும்பாலும் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் பற்றியவை. கார்ன்வாலிலிருந்து வந்த சுரங்கத் துரையின் கொள்ளுப்பேரனுக்கு அது போதும். நமக்குப் போதாது.

கம்பெனிப் புத்தகங்களிலும் ஒரு சங்கடம். நம்ம ஆளுங்க பலர் காண்டிராக்டர் கீழ் வேலை செய்தார்கள். கம்பெனிக்குத் தெரிந்தது காண்டிராக்டர் பெயர்தான். 1930-இல் தொழிலாளர்களின் கைரேகை எடுத்துப் பதிவுசெய்யக் கம்பெனி முயன்றபோது, எங்களைத் திருடர்களாக நினைக்கிறீர்களா என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. ஆனால் அன்று அவர்கள் வேண்டாமென்ற அதே பதிவைத்தான் இன்று பேரன்கள் கிடைக்காதா என்று தேடுகிறோம்!

ஆகவே தேடலை வீட்டுத் தகரப்பெட்டியில் தொடங்க வேண்டும். எங்கள் வீட்டில் கிடைத்தது ஒரு மொய் நோட்டு. தாத்தா கல்யாணத்தில் எழுதியது. மொய் நோட்டில் பெயர், தொகை மட்டுமல்ல, ஊரும் இருக்கும். திருப்பிச் செய்ய வேண்டுமே! தேதி "பிரபவ வருஷம் ஆவணி" என்றிருந்தது. தமிழ் வருஷப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். பிரபவ என்றால் 1927 அல்லது 1987. தொகையெல்லாம் ரூபாய் அணாவில் இருந்தது. நயா பைசா வந்தது 1957-இல். எனவே 1927.

அந்த நோட்டில் பதினேழு பேர் ஒரே ஊரிலிருந்து வந்திருந்தார்கள். சரி, ஊர் கிடைத்துவிட்டது என்று பார்த்தால், அதே பெயரில் குடியாத்தம் பக்கம் ஒன்று, பலமநேர் பக்கம் ஒன்று! பலமநேர் இன்று ஆந்திராவில் இருக்கிறதே என்று தள்ளிவிட முடியாது. 1911-இல் சித்தூர் ஜில்லா உண்டாகும் வரை பலமநேரும் வடாற்காடுதான். அதற்கு முன்பே புறப்பட்டுவந்த கொள்ளுத்தாத்தா எந்த ஊராக இருந்தாலும் வடாற்காடு என்றே சொல்லியிருப்பார். இந்த ஜில்லா மாற்றம் தெரியாமல் தப்பான ஊருக்குப் போய் நிற்கிறவர்கள் உண்டு. எங்களுக்கு வழி காட்டியது நோட்டின் மற்ற வரிகள். பேரணாம்பட்டு, மேல்பட்டி என்று சுற்று ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் மொய் வைத்திருந்தார்கள். மொட்டை போட, காது குத்த, பெரியவர்கள் போய்வந்த குலதெய்வக் கோயிலும் அந்தத் திசையில்தான். குடியாத்தம் பக்கம் என்று முடிவு செய்தோம். அங்கே கிராம நிர்வாக அலுவலகத்தில் 'அ' பதிவேடு பார்த்தோம். எங்கள் ஆட்கள் யாரும் இல்லை. நிலம் இருந்தவன் பெயர்தானே அதில் ஏறும்? நிலம் இருந்திருந்தால் தங்கவயலுக்கு ஏன் வருகிறார்கள்!

கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு வேலை சற்றுச் சுலபம். என் பெரியம்மா வீட்டார் அப்படிக் கண்டுபிடித்தார்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் பெற்றோர் பெயரோடு ஞானத்தாய், ஞானத்தந்தை பெயரும் இருக்கும். பெரும்பாலும் அவர்கள் நெருங்கிய சொந்தம். 1908 முதல் ஒருவருக்கு வேறு பங்கில் திருமணம் நடந்தாலும் அந்தச் செய்தியை ஞானஸ்நானம் பெற்ற பங்கின் பதிவேட்டு ஓரத்தில் குறிக்க வேண்டும் என்பது திருச்சபை விதி. அந்த ஓரக் குறிப்புதான் அடுத்த ஊருக்கு வழி. பௌத்தர்களாக இருந்த குடும்பங்கள் அயோத்திதாசப் பண்டிதரின் 'தமிழன்' இதழைப் புரட்டலாம். 1907 முதல் 1914 வரை அதில் மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப் சங்கச் செய்திகள் வந்தன.

"பூர்வீகம் தெரிஞ்சு என்ன ஆகப்போவுது?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பட்டியல் சாதிச் சான்றிதழுக்கு, 1950 ஆகஸ்டு 10-இல் குடியரசுத் தலைவர் ஆணை வந்த நாளில் அப்பாவோ தாத்தாவோ எந்த மாநிலத்தில் நிலையாகக் குடியிருந்தார் என்பதைப் பார்க்கிறார்கள். பின்னால் வேறு மாநிலத்திலிருந்து குடியேறியவருக்குப் புது மாநிலத்தின் சலுகை கிடையாது என்று 1994-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. தாத்தா 1950-இல் தங்கவயலில்தான் இருந்தார் என்று வாயால் சொன்னால் தாசில்தார் கேட்பாரா? பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, வேலைச் சான்று, சேமநல நிதிக் காகிதம் என்று ஏதாவது ஒன்றைக் காட்ட வேண்டும். லைன் வீட்டைக் காலி செய்யும்போது பழைய காகிதம் என்று எடைக்குப் போட்டவர்கள் எத்தனையோ பேர்.

பெண்கள் பெயரைத் தேடுவதுதான் இருப்பதிலேயே கஷ்டம். எங்கள் மொய் நோட்டின் முதல் பக்கத்தில் மாப்பிள்ளை பெயர் இருக்கிறது, அவருடைய அப்பா பெயர் இருக்கிறது; பெண்ணின் பெயர் இல்லை. பாட்டி பெயர் எழுத்தில் கிடைத்தது ஒரே இடத்தில்தான்: தாத்தாவின் சேமநல நிதிப் படிவத்தில், அவர் இறந்தால் பணம் யாருக்குப் போக வேண்டும் என்ற கட்டத்தில்.