பனியில் புதைந்தவரைக் காட்டும் கருவி: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

சூரியநெல்லி பக்கம் பனி என்றால் மார்கழி, தை மாதங்களில் தேயிலைக் கொழுந்தைக் கருக்கும் உறைபனிதான். இமயமலைப் பனி வேறு. சரிவுகளில் ஆள் உயரத்துக்கு மேல் குவிந்து கிடக்கும். திடீரென்று சரிந்து ஆட்களை அப்படியே மூடிவிடும்.

2016 பிப்ரவரி 3-ந்தேதி சியாச்சினில், 19 ஆயிரத்து 600 அடி உயரத்தில், மெட்ராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த 10 வீரர்கள் புதைந்தார்கள். அவர்களில் 4 பேர் தேனி, மதுரை, வேலூர், கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்கள். ஒருவர் கொல்லத்துக்காரர். 5 நாள் கழித்து கர்நாடக வீரர் அனுமந்தப்பா மட்டும் உயிருடன் மீட்கப்பட்டார். அவரும் 11-ந்தேதி டெல்லி ராணுவ ஆஸ்பத்திரியில் காலமானார்.

2022 அக்டோபர் 4-ந்தேதி உத்தரகாசி மலையேற்றப் பயிற்சிக் கழகத்தின் குழு பனிச்சரிவில் சிக்கியது. 25-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

பத்தே நிமிடம்

5 நாள் தாங்குவது அபூர்வம். புதைந்தவரை 10 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் 10-ல் 9 பேர் பிழைக்கலாம். அரை மணி ஆகிவிட்டால் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான்.

வெளியிலிருந்து உதவி வரட்டும் என்று காத்திருக்க முடியாது. பெட்டிமுடியில் 2020 ஆகஸ்டு 6-ந்தேதி இரவு மண் சரிந்து லயங்களை மூடியது. 70 உயிர்கள் போயின. மின்சாரமும் தொலைபேசியும் துண்டித்துப்போயிருந்ததால் செய்தி மறுநாள் காலையில்தான் வெளியே தெரிந்தது. மலையில் பக்கத்தில் நிற்பவர்தான் துணை.

வேலை செய்யும் விதம்

பனிச்சரிவு பீக்கன் என்பது செல்போனைவிடச் சற்றுத் தடிமனான சிறு பெட்டி. மேல்கோட்டுக்குள் வாரால் கட்டிக்கொள்ள வேண்டும். அது விடாமல் சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒருவர் புதைந்தால் மற்றவர்கள் தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்ற வேண்டும். அம்புக்குறி திசையையும் எண் தூரத்தையும் காட்டும். எல்லாக் கம்பெனிகளுக்கும் அலைவரிசை ஒன்றே: 457 கிலோஹெர்ட்ஸ். போலீசுக்கோ ராணுவத்துக்கோ இது தகவல் அனுப்பாது.

எதை வாங்கலாம்?

மூன்று ஆண்டெனா உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒற்றை ஆண்டெனா கொண்ட பழைய கருவியை வாங்கக்கூடாது. பலர் புதைந்தால், கண்டுபிடித்தவரைக் குறித்துவிட்டு அடுத்தவரைத் தேடும் வசதி இருக்க வேண்டும். கையுறையோடு சுவிட்சை மாற்றிப் பார்க்க வேண்டும். கம்பெனி சொல்லும் பேட்டரியையே போட வேண்டும். தேடும்போது செல்போன் குறைந்தது அரை மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

கருவி மட்டும் போதாது. பனியைக் குத்திப் பார்க்க மடக்குக் கம்பியும், தோண்ட மண்வெட்டியும் ஒவ்வொருவரிடமும் வேண்டும். கிளம்பும்போதே எல்லாருடைய கருவியையும் சோதித்துவிட வேண்டும். பழகாத கையில் விலை உயர்ந்த கருவியும் வீண்.

பனிச்சரிவை இது தடுக்காது. ஆபத்தான சரிவில் கால் வைக்காமல் இருப்பதே முதல் பாதுகாப்பு. அடுத்தது, குழுவில் அத்தனை பேரும் கருவி கட்டியிருப்பது. ஒருவர் கட்டாவிட்டால் அவரை மற்றவர்கள் தேட முடியாது. மற்றவர்களை அவராலும் தேட முடியாது.