தட்டுக் கேக் உடையாமல் எடுக்க

கேக் சுட்டு விற்கும் குடும்பத்திற்கு ஒரு தட்டுப் பழுதானால் மாவும் சீனியும் முட்டையும் நட்டமே. பெரிய தட்டில் சூடு ஓரத்தை முதலில் எட்டுவதால் ஓரம் கருகும், நடு வேகாது. ஆகவே தட்டில் மாஜரீன் பூசி, எண்ணெய்க் கடதாசி விரித்து, கலவையை நடுவில் சற்றுத் தாழ்த்தி, ஓரங்களில் உயர்த்திப் பரப்புவோம். தணலைக் குறைத்து மெதுவாகச் சுடுவோம். மேற்பரப்பு இறுகுமுன் போறணையைத் திறந்தால் நடு அமிழும். இறுகிய பின் தட்டின் முன்பக்கத்தை உட்பக்கமாகத் திருப்பி வைப்போம். நடுவில் குத்திய ஈர்க்கு ஒட்டாமல் வந்தால் இறக்கலாம்.

இறக்கியதும் 10 முதல் 15 நிமிடம் ஆறவிடுவோம். சூட்டோடு கவிழ்த்தால் உடையும். முற்றாக ஆறினால் மாஜரீன் இறுகி ஒட்டும். ஓரத்தைக் கத்தியால் விடுவித்து, மேலே பலகை வைத்து, சேர்த்துப் பிடித்துக் கவிழ்ப்போம். ஒட்டியிருந்தால் அடிக்க வேண்டாம். தட்டின் அடியைத் தணலில் சில விநாடி காட்டினால் கழன்றுவிடும்.