அம்மா ‘ஹோம்லி’யா?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு வாய்ஸ் நோட். பழவேற்காடு ஏரிக்கரையில இருக்கிற சுண்ணாம்புக்குளத்துல இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருந்தாங்க. வீடியோ கால்ல வேலைக்கு இன்டர்வியூ. கேள்வி கேட்டவர் அமெரிக்கர். குடும்பத்தைப் பத்திக் கேட்டதும் இவங்க, “மை மதர் இஸ் எ ஹோம்லி வுமன்”னு சொல்லியிருக்காங்க. அவர் முகமே மாறிடுச்சாம். அப்புறம் டிக்‌ஷனரியைப் பார்த்தா, ‘அழகில்லாதவர்’னு போட்டிருக்கு.

“எங்கம்மாவை நானே அசிங்கப்படுத்திட்டேனாண்ணா?”

இல்லம்மா. அமெரிக்காவுலதான் அந்த அர்த்தம். பிரிட்டன்ல ஒரு இடத்தை ஹோம்லின்னா, சொந்த வீடு மாதிரி இதமா இருக்குன்னு பாராட்டு. நம்ம கல்யாண விளம்பரங்கள்ல, குடும்பப் பாங்கான பொண்ணு. நீங்க பேசினது இந்திய இங்கிலீஷ். அது அவருக்குப் பழக்கமில்ல, அவ்வளவுதான்.

ஒருத்தரோட குணத்தைச் சொல்ற வார்த்தைகள்ல இந்தச் சிக்கல் நிறைய. இங்கிலீஷ்ல பாசமானவர் ‘வார்ம்’, ஒட்டாதவர் ‘கோல்ட்’. நமக்கு அப்படியே தலைகீழ்: சந்தோஷத்துல மனசு குளிருது, கோபத்துல ஆள் சூடாகிறார். இரக்கப்படுறவரை ‘நெஞ்சில ஈரம் உள்ளவர்’னு சொல்றோம். 91-வது குறள்லயே ஈரம்னா அன்புதான். ஆனா பிரிட்டன்ல ஒருத்தரை ‘வெட்’னு சொன்னா, துணிச்சல் இல்லாத ஆள்னு கிண்டல். நமக்கு ‘சிம்பிள்’னா பந்தா இல்லாதவர், “ஹி இஸ் எ பிட் சிம்பிள்”னா அங்கே புத்தி மந்தம்னு எடுத்துப்பாங்க.

அப்போ எந்த வார்த்தை சரி? அதுக்கு முன்னாடி, அம்மா என்ன பண்றாங்கன்னு அந்தத் தங்கச்சிகிட்ட கேட்டேன்.

“ஏரியில இறங்கி இறால் பிடிப்பாங்கண்ணா. வலையெல்லாம் கிடையாது. சேத்துல கையால தடவியே பிடிச்சு, பனையோலைப் பறியில போட்டுப்பாங்க. கரை ஏற மதியமாயிடும்.”

எனக்கு அப்போதான் உறைச்சது. நம்ம ஊர் அர்த்தத்துலகூட ‘ஹோம்லி’ அவங்களுக்குப் பொருந்தல! ஏரியில பாதி நாள் நிக்கிற ஒரு மனுஷி, கல்யாண விளம்பரத்து வார்த்தைக்குள்ள காணாமப் போயிட்டாங்க.

அதனால, குணத்துக்கு ரெடிமேட் வார்த்தை தேடாதீங்க. அவங்க செய்யறதைச் சொல்லுங்க. “மை மதர் கேட்சஸ் ப்ரான்ஸ் வித் ஹெர் பேர் ஹேண்ட்ஸ்.” இது எந்த ஊர்க்காரருக்கும் புரியும். தைரியம், பொறுமை, உழைப்பு எல்லாம் அதுலயே வந்துடும்.

அந்தத் தங்கச்சிக்கு அடுத்த வாரம் இன்னொரு இன்டர்வியூ. முடிச்சுட்டு வாய்ஸ் நோட் போடுறேன்னு சொல்லியிருக்காங்க. நானும் காத்துக்கிட்டிருக்கேன்.